குழிக்குள் இறங்கப் பயிற்சி உண்டு, கல்லூரிக்குள் நுழைய?

கர்நாடகத்தில் பிள்ளைகள் பதினாறு வயதிலேயே காலேஜுக்குப் போய்விடுகிறார்கள். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். அங்கே 1978-ல் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பை எடுத்துவிட்டு மேல்நிலைப் படிப்பைக் கொண்டுவந்தார்கள். பத்தாவது முடித்த பிள்ளை பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே, தலைமையாசிரியரின் கண்ணெதிரிலேயே இன்னும் இரண்டு வருஷம் படிக்கிறது. எங்கள் பக்கம் பி.யு.சி. இன்றும் இருக்கிறது. மே மாதம் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வரும். ஜூனில் வேறு வாசல், வேறு ஆசிரியர்கள், வேறு சட்டம். மீசை அரும்பாத பையனை வீட்டில் எல்லோரும் 'காலேஜ் போறவன்' என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் கோலார் தங்கவயலில் ஒரு பி.யு. கல்லூரியில் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கே.ஜி.எஃப். என்றால் இப்போது நாடு முழுக்க சினிமாதான் ஞாபகத்துக்கு வருகிறது. எங்களுக்கு அது ராபர்ட்சன்பேட்டை கடைவீதி, ஆண்டர்சன்பேட்டை, உரிகம், மாரிக்குப்பம், வரிசை வரிசையாக லைன் வீடுகள், அவற்றுக்குப் பின்னால் மலைபோல் நிற்கும் சயனைடு மேடு. அப்பா சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் கோல்டு மைன்ஸை மூடியபோது நான் பணியில் இருந்தேன். அதற்கு முன்னால் சம்பளம் வரும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின்னால் அப்பா பெங்களூருவில் செக்யூரிட்டி வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் பார்த்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் வருஷத்தில் தடுக்கி விழுகிற பிள்ளைகளில் பலர் மக்குகள் இல்லை, சோம்பேறிகளும் இல்லை. கல்லூரியில் எப்படிப் படிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லித்தருவது கல்லூரியின் வேலை. முதல் அத்தியாயம் தொடங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை.

பெற்றோருக்கு இது ஏன் புரிவதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆறு பாடம்: மூன்று மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல். பி.யு.சி.யிலும் ஆறு பாடம்தான்: இரண்டு மொழி, நான்கு விருப்பப் பாடம். அங்கேயும் ஆறு, இங்கேயும் ஆறு, அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். பத்தாவதில் ஒரே புத்தகமாக இருந்த அறிவியல், இங்கே இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்றாகப் பிரிந்து ஒவ்வொன்றும் அதைவிடத் தடிமனாக வருகிறது. வணிகப் பிரிவுக்கு வருகிற பிள்ளையின் நிலை இன்னும் விசேஷம். கணக்குப்பதிவியலும் வணிகக் கல்வியும் பத்தாவது வரை கண்ணிலேயே படாத பாடங்கள். சொந்தமாகக் கடை போட்டவர் தன் கைப்பணத்தைத்தான் கடைக்குள் போடுகிறார். அதை எதற்குக் கடையின் கடன் பக்கத்தில் எழுதுகிறார்கள் என்பதே முதல் மாதம் முழுக்கப் புரியாது. புரியாவிட்டாலும் கேட்கமாட்டார்கள்.

கேட்காததுதான் விஷயத்தின் மையம். ஒரு வருஷம் ஜூலை மாதக் கடைசியில் முதல் பி.யு. நோட்டுகளை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தேன். தமிழ் மீடியத்திலிருந்து வந்த ஒரு பையன். பத்தாவதில் நல்ல மார்க். கையெழுத்து அச்சடித்த மாதிரி. நான் வகுப்பில் சொன்ன எல்லாமே அந்த நோட்டில் இருந்தன. ஜர்னல் என்ட்ரி இருந்தது, அதற்குக் கீழே விளக்கம் இருந்தது. அதற்கும் கீழே தமிழ் எழுத்தில் 'எனி டவுட்ஸ்?' என்று இருந்தது. அடுத்த வரியில் 'ஓகே, நெக்ஸ்ட்.'

"இதையெல்லாம் எதுக்குப்பா எழுதின?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னீங்களே மேடம்" என்றான்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருஷம் அவனுக்குக் கொடுத்த பயிற்சியை அவன் பிசகாமல் செய்திருந்தான். பள்ளியில் டீச்சர் கரும்பலகையில் கேள்வியும் பதிலும் எழுதிப்போடுவார், பிள்ளை அப்படியே இறக்கிக்கொள்ளும், சிவப்பு மையில் டிக் விழும், பரீட்சையில் அதே கேள்வி வரும். கல்லூரியில் லெக்சரர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போய்விடுகிறார். பேசியதில் எது பாடம், எது உதாரணம், எது வெறும் பேச்சு என்று பிரித்தெடுக்கும் வேலை இப்போது பிள்ளையின் தலையில். சிவப்பு மையும் கிடையாது. தான் எழுதியது சரியா என்பதே அரையாண்டுத் தேர்வில்தான் தெரியவரும்.

அந்தப் பையனை அரை மணி நேரம் உட்காரவைத்தேன். பக்கத்தில் ஒரு கோடு போடு. இடது பக்கம் நான் சொல்வதன் சாரம் மட்டும்; வலது பக்கம் உனக்குப் புரியாதது. வலது பக்கம் காலியாக இருந்தால் மறுநாள் உன்னை எழுப்பிக் கேள்வி கேட்பேன் என்று சொன்னேன். முதல் வாரம் வலது பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்பதற்காக எதையோ எழுதினான். அடுத்த மாதம் உண்மையான கேள்விகள் வந்தன. இரண்டாம் பி.யு. வரும்போது அவன் நோட்டைத்தான் மற்றவர்கள் வாங்கி ஜெராக்ஸ் எடுத்தார்கள். அவனுக்குப் புத்தி புதிதாக முளைக்கவில்லை. அரை மணி நேரம் ஒருவர் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது மொழி. எங்கள் பிள்ளைகளுக்கு மொழி பஞ்சம் இல்லை. வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து ஓடும். பள்ளியில் மூன்று மொழி படித்திருப்பார்கள். 2015-ல் வந்த சட்டத்தின்படி கன்னடம் எல்லோரும் படித்தாக வேண்டும். ஆனால் அறிவியலும் வணிகமும் எடுத்தால் பி.யு.சி. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ் மீடியம், கன்னட மீடியம் பிள்ளைகள் ஜூன் மாதம் ஒரே ராத்திரியில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வகுப்பில் தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் தரம் குறைந்துவிடும் என்று நினைக்கிற லெக்சரர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கூச்சம் என்றைக்கும் இருந்ததில்லை. தேய்மானம் என்ற அத்தியாயம் வரும்போது ஜன்னல் பக்கம் கையைக் காட்டுவேன். "அந்த ஷாஃப்ட் மேல நிக்குதே இரும்புக் கூடு, அதை வாங்கும்போது என்ன விலை இருந்திருக்கும், இப்ப எடைக்குப் போட்டா என்ன கிடைக்கும்? வருஷா வருஷம் எவ்வளவு குறைஞ்சிருக்கும்?" சுரங்கத்து மகனுக்கும் மகளுக்கும் இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் தேவையில்லை. கணக்கைப் போட்டுவிடுவார்கள். ஆங்கிலச் சொல்லை அதற்குப் பிறகு கொடுத்தால் மறக்காது.

மற்ற பாடங்களிலும் ஊர் இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தங்கத் தாதுவைச் சயனைடு கரைசலில் கரைத்து, துத்தநாகத்தைப் போட்டுத் தங்கத்தைப் பிரிக்கும் முறை பல வருஷம் இரண்டாம் பி.யு. வேதியியல் புத்தகத்தில் இருந்தது. அந்தச் சமன்பாட்டை மனப்பாடம் செய்த பிள்ளைகளில் பலருக்கு, வீட்டுக்குப் பின்னால் காற்றடித்தால் தூசி பறக்கும் மேடு அந்தச் சமன்பாட்டின் கழிவுதான் என்று யாரும் சொல்லவில்லை. இயற்பியல் இன்னும் பெரிய கதை. நியூட்ரினோ என்ற துகளைத் தவிர வானிலிருந்து வரும் மற்ற துகள்களைப் பாறை வடிகட்டிவிடும் என்பதால் ஆழமான சுரங்கம் தேடி விஞ்ஞானிகள் இங்கே வந்தார்கள். டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்தும் வந்தவர்களும் சேர்ந்து சாம்பியன் ரீஃப்ஸில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். 1965-ல் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். அதே வருஷம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பிடித்தார்கள். உலகத்தில் முதன்முதலாக அது நடந்த இரண்டே இடங்களில் ஒன்று எங்கள் ஊர். இயற்பியல் வகுப்பின் முதல் நாள் இதைச் சொன்னால், படிப்பு என்பது பெங்களூருவில் மட்டும் இருக்கும் பொருள் என்ற நினைப்பு அந்தப் பிள்ளைக்குப் போய்விடும்.

பி.யு.சி.யைத் தாண்டியதும் இரண்டாவது மாற்றம் வருகிறது. ஊரிலேயே பட்டப் படிப்பு இருக்கிறது, பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. கோலார் மாவட்டத்துக் கல்லூரிகள் 2017 முதல் பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ஆனாலும் பலர் பெங்களூரு கல்லூரியில் சேர்ந்து ரயிலில் போய்வருகிறார்கள். பங்காருப்பேட்டை வரை தங்கத்துக்காக 1894-ல் திறந்த பாதை அது. மாரிக்குப்பத்தில் ஏறினால் சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று நின்று நின்று பங்காருப்பேட்டை. அங்கிருந்து மாலூர், ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம். பெங்களூரு வரை மொத்தம் 90 கிலோமீட்டர் போல. விடிவதற்குள் கிளம்பும் வண்டி. வீடு திரும்பும்போது இரவுச் சாப்பாட்டு நேரம். சுரங்கம் மூடிய பிறகு ஊரின் பாதி உழைப்பு இந்தத் தண்டவாளத்தில்தான் போய்வருகிறது. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், ஆஸ்பத்திரி, துணிக்கடை, கம்ப்யூட்டர் கம்பெனி. அவர்களோடு இடித்துக்கொண்டு நிற்கிறது, பையில் லேப் ரெக்கார்டு வைத்திருக்கும் பிள்ளை.

இந்தப் பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் வரும் பிரச்சினை பாடத்தைவிட நேரம். வண்டி தாமதமானால் முதல் வகுப்பு போச்சு. முதல் வகுப்பு போனால் அட்டெண்டன்ஸ் போச்சு. 75 சதவீதம் இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இந்த விதி எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது ஹால்டிக்கெட் கொடுக்கும் வாரத்தில்தான் பிள்ளையின் வீட்டுக்கு வந்து சேர்கிறது. அதற்குள் சரிசெய்ய நாள் இருக்காது. செப்டம்பரிலேயே கூப்பிட்டு, "உனக்கு முதல் பீரியட் மட்டும் குறைகிறதே, என்ன வண்டியில் வருகிறாய்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் பல பேக்லாக் விழுந்தே இருக்காது.

பெண் பிள்ளைகளின் கதையில் ஒரு நல்ல திருப்பம் வந்திருக்கிறது. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் சக்தி திட்டத்தில் அரசுச் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "பஸ்ஸுக்குக் காசு யார் குடுப்பா" என்ற ஒரு வரியில் நின்றுபோன படிப்புகள் எத்தனையோ பார்த்தவள் நான். இப்போது அந்த வரியைச் சொல்ல முடியாது. கோலார் வரை, அதற்கு அப்பாலும் பெண்கள் போய்ப் படிக்கிறார்கள். கட்டணத்தை அரசு பார்த்துக்கொண்டது. போய்ச் சேர்ந்த இடத்தில் நடப்பதைக் கல்லூரிதான் பார்க்க வேண்டும்.

உதவித்தொகையையும் சொல்ல வேண்டும். வீட்டில் முதல் முறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் மாதத் தேர்வே மாநில உதவித்தொகை இணையதளம்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, அதன் எண், ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு, எஸ்.எஸ்.எல்.சி. மார்க் கார்டில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவரின் பெயர் தமிழில் ஒரு மாதிரி, கன்னடத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் இரண்டு மாதிரி எழுதப்பட்டிருக்கும். அதைத் திருத்த அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் போக வேண்டும். பிள்ளை வகுப்பை விட்டுவிட்டுக் கூடப் போக வேண்டும். கல்லூரியில் ஒரு மேசை போட்டு, விஷயம் தெரிந்த ஒருவரை இரண்டு வாரம் உட்காரவைத்தால் இந்த அலைச்சலில் பாதி குறையும்.

இதையெல்லாம் பேசினால் சக ஆசிரியர்கள் இரண்டு பதில் சொல்வார்கள். ஒன்று, போர்ஷன் முடிக்க நேரம் இல்லை. இரண்டு, கல்லூரி என்றால் சொந்தக் காலில் நிற்கத்தான் வேண்டும், ஊட்டிவிட முடியாது.

இரண்டாவது பதிலுக்கு எங்கள் ஊரே மறுமொழி சொல்லும். 1952-ம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்தின் கீழ் 1966-ல் தொழிற்பயிற்சி விதிகள் வந்தன. புது ஆளைப் பயிற்சி இல்லாமல் குழிக்குள் வேலைக்கு இறக்கக் கூடாது என்பது விதி. அந்த விதி வருவதற்கு முன்னாலும் சுரங்கத்தில் வழக்கம் ஒன்று இருந்தது. புது ஆள் பழைய ஆளின் பக்கத்தில் நிற்பார். அப்பா குழிக்குள் முதலில் கற்றுக்கொண்டது பாறை உடைப்பதை இல்லை, கடப்பாறையால் மேல்பாறையைத் தட்டிக் காது கொடுப்பதை. கணீரென்று கேட்டால் கெட்டிப் பாறை. பொத்தென்று கேட்டால் விட்டிருக்கிறது, தள்ளி நில். இதை அவராகவே கண்டுபிடிக்கட்டும் என்று யாரும் விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கமாட்டார். பழைய ஆள் சொல்லிக்கொடுத்ததால் அப்பா சொந்தக் காலில் நிற்கத் தெரியாதவராகிவிடவும் இல்லை. பிற்காலத்தில் புது ஆட்களைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டவர் அவர். எப்படிப் படிப்பது என்று முதல் வருஷப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதே வகைதான்.

வெளியுலகத்தில் இது பழைய விஷயம். அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக்கழகம் 1972-லேயே முதலாண்டு மாணவர்களுக்கென்று 'யுனிவர்சிட்டி 101' என்ற தனி வகுப்பைத் தொடங்கியது. அதைப் பார்த்து எத்தனையோ கல்லூரிகள் பின்பற்றின. மாணவர்கள் ஏன் படிப்பை விடுகிறார்கள் என்று 1975 முதல் எழுதிவந்த வின்சென்ட் டின்டோ என்ற கல்வியாளர், மார்க்கை மட்டும் பார்த்தால் காரணம் பிடிபடாது என்று காட்டினார். இந்த இடம் என்னுடையது, இங்கே என்னை அறிந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு பாடத்திலும் பழக்கத்திலும் அமையாதபோதும் பிள்ளை விலகிப்போகிறது என்பது அவர் கருத்தின் சாரம்.

நம் நாட்டிலும் காகிதத்தில் குறைவில்லை. பொறியியல் கல்லூரிகளில் மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும் என்று ஏ.ஐ.சி.டி.இ. 2017-ல் சொன்னது. மற்றக் கல்லூரிகளுக்காக யு.ஜி.சி. 2019-ல் 'தீக்ஷாரம்ப்' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். இரண்டும் பட்டப் படிப்புக்கானவை. பதினெட்டு வயதில் வருபவருக்கு மூன்று வாரம் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட நாம், பதினாறு வயதில் வருபவருக்கு ஒரு வரவேற்பு விழாவோடு முடித்துக்கொள்கிறோம். ஆளுக்கொரு ரோஜாப்பூ, தலைமை விருந்தினரின் பேச்சு, மறுநாள் காலை முதல் அத்தியாயம். பட்டக் கல்லூரிகளிலும் அந்த மூன்று வாரம் பல இடங்களில் மூன்று நாள் மேடைப் பேச்சாகச் சுருங்கிவிட்டது.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2022-ல் 'நான் முதல்வன்' வந்தது. 'கல்லூரிக் கனவு' என்று பன்னிரண்டாவது முடித்தவர்களை உட்காரவைத்து வழிகாட்டுகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் ரூ.1,000 போகிறது. கர்நாடகத்திலும் மாநிலக் கல்விக் கொள்கைக்காக அமைந்த சுகதேவ் தோரட் ஆணையம் 2025 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கை, ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரையிலான நான்கு வருஷத்தையும் ஒரே கட்டமாக ஆக்கச் சொல்கிறது. நல்ல யோசனைதான். அது நடைமுறைக்கு வரும் வரை எத்தனை ஜூன் மாதங்கள் போகுமோ. அதுவரை வாசலில் நிற்கிற பிள்ளைக்கு என்ன பதில்?

போர்ஷன் முடியாது என்ற முதல் பதிலுக்கு வருகிறேன். அரசுக் கல்லூரிகளில் நிரந்தர இடங்களை நிரப்பாமல் வருஷா வருஷம் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறார்கள். அவர்கள் நியமன ஆணை வந்து வகுப்பெடுக்கத் தொடங்கும்போதே பல வாரம் போய்விடுகிறது. அந்தக் காலம் வீணாவதைப் பொறுத்துக்கொள்ளும் நிர்வாகம், பிள்ளைகளைத் தயார்செய்ய மூன்று வாரம் கேட்டால் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறது. தயாரான வகுப்புக்குப் பாடம் வேகமாக ஓடும். இதை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன்.

அந்த மூன்று வாரத்தில் என்ன செய்வது? பெரிய செலவு எதுவும் வேண்டாம். நோட்ஸ் எடுப்பது எப்படி என்று செய்துகாட்டுங்கள். பாடத்திட்டத்தையும் பழைய கேள்வித்தாளையும் கையில் கொடுத்து, எந்த அத்தியாயத்துக்கு எத்தனை மார்க் என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். நூலகத்துக்குள் அழைத்துப்போய் ஒரு புத்தகத்தைத் தேடி எடுக்கவையுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் அடிக்கடி வரும் ஐம்பது சொற்களைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள். மதிய வேளையில் உதவித்தொகை மேசை. அந்த மூன்று வாரம் முடிந்த பிறகு, ஆறாவது வாரம் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, குறைகிற பிள்ளையைக் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள். திட்டுவது பிறகு இருக்கட்டும்.

இன்னொன்று, காசே ஆகாதது. ஒவ்வொரு புது மாணவரையும் அதே லைனில் இருக்கும், அல்லது அதே வண்டியில் வரும் ஒரு சீனியரோடு சேர்த்துவிடுங்கள். மாரிக்குப்பம் வண்டியில் சீட்டாட ஒரு கூட்டம் சேர்கிறது, பஜனை பாட ஒரு கூட்டம் சேர்கிறது, படிக்க ஒரு கூட்டம் சேர்வதற்கு என்ன தடை? பங்காருப்பேட்டையில் உட்கார இடம் கிடைத்தால் ஒயிட்ஃபீல்டு வரை ஒரு அத்தியாயம் முடிக்கலாம் என்பதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இன்று நல்ல வேலையில் இருக்கிறார்கள். காலையில் அதே வண்டியில்தான் போகிறார்கள். எதிரில் புத்தகத்தை வைத்துக்கொண்டு முழிக்கும் பிள்ளையிடம், "எந்த காலேஜ்பா, எந்த வருஷம்?" என்று அவர்கள் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "இவ்ளோ நாள் நாங்க பாத்துக்கிட்டோம் மேடம், இனிமே காலேஜு, அவனுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போன அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவனுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு எட்டு முறை வந்த நீங்கள் கல்லூரிக்கு ஒரு முறையாவது வாருங்கள். ஜூலையில் வாருங்கள், ரிசல்ட் வந்த பிறகு வேண்டாம். நீங்கள் படிக்காதவர்கள் என்பது இங்கே குறையே இல்லை. "பையன் ஒழுங்கா வரானா, ஏதாவது கேக்குறானா?" என்ற இரண்டு கேள்விக்குப் படிப்பு தேவையில்லை.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது சின்னது. வகுப்பில் புரியாதது உங்களுக்கு மட்டும் புரியாமல் இல்லை. பக்கத்து பெஞ்சுக்கும் புரியவில்லை. முதலில் எழுந்து கேட்பவர் பின்னால் இருக்கும் முப்பது பேருக்கும் சேர்த்துக் கேட்கிறார். ஆங்கிலத்தில் கேட்க வரவில்லையென்றால் தமிழில் கேளுங்கள், கன்னடத்தில் கேளுங்கள். பதில் சொல்லச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள்.

சுரங்கத்தில் புது ஆளுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் விதி போட வேண்டியிருந்தது. பி.யு. கல்லூரியில் முதல் மூன்று வாரத்தை ஒதுக்க அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம், துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். வரும் ஜூனுக்கு முன்னால் கர்நாடகக் கல்வித் துறை அதை அனுப்ப வேண்டும்.